மாதிரி நிலம் எண் இரண்டு

மாடு மேய்வதற்கு ஆதரவு தேவை என்ற விஷயம் 1993ஆம் வருஷம் ஆனி மாதம் வரை மாடுகளுக்குத் தெரியாது. அந்த ஆனியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவாக் கடையின் மாடியில், எங்கள் அலுவலகத்தைத் திறந்தார்கள். 'பரந்த மேய்ச்சல் ஆதரவு மற்றும் பல்லுயிர் ஊக்குவிப்பு அலுவலகம்' என்பது முழுப்பெயர். வாங்கி வந்த பலகை சின்னது. பெயிண்டர் 'ஆதரவு' வரைக்கும் எழுதிவிட்டு, இதற்கு மேல் இடமில்லை என்று ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். பல்லுயிர் கடைசிவரை பலகையில் ஏறவில்லை.

எனக்கு அங்கே தற்காலிக எழுத்தர் வேலை. அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மூன்றாம் ஷிப்டு பார்த்தேன். தூக்கமும் காதும் கெட்டதுதான் மிச்சம். பாதியில் நின்றுவிட்டேன். அதற்கும் முன்னால் பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவன். இங்கே பகலில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் திட்ட அலுவலர் வைகுண்டராஜ். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாக்குப்போல இருக்கும்.

திட்டத்தின் சுற்றறிக்கையில் முதல் பக்கம் நன்றாகவே இருந்தது. மலையடிவாரத்தில் மாடுகள் ஒரே இடத்தில் நிற்காமல் பரவலாக நடந்து மேய்ந்தால் புல்வெளி புல்வெளியாகவே இருக்கும், புதர் ஏறாது. சாணத்தை நம்பி வண்டும், வண்டை நம்பிப் பறவையும் பிழைக்கும். இறங்கி வந்து வயலில் அடைந்தால் வயலுக்கும் உரம். ஆகவே இப்படி மேய்ப்பவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். நான்கு முறை வாசித்தேன். ஒரு வரிகூடத் தப்பில்லை. தப்பெல்லாம் இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. மலைக்கு மாடு ஏற்ற வருஷா வருஷம் கொடுத்துவந்த பாஸை இனிமேல் எங்கள் அலுவலகம்தான் கொடுக்கும், அதற்கு முன் மேய்ப்பவர் ஆதரிக்கத் தகுந்தவர்தானா என்று சோதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

திறப்பு விழாவில் வைகுண்டராஜ் பேசினார். நல்ல குரல் அவருக்கு. "பெரியோர்களே, இதற்கு முன் நான் பதினோரு ஆண்டுகள் பட்டுப்புழுப் பிரிவில் பணியாற்றினேன். புழுக்கள் இருந்தவரை எங்களுக்கு வேலையே ஓடவில்லை. புழுக்கள் எல்லாம் இறந்த பிறகுதான் கோப்புகள் குறித்த நேரத்தில் நகர்ந்தன. அதே ஒழுங்கை இங்கேயும் கொண்டுவருவேன் என்று உறுதி கூறுகிறேன்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அலுவலகத்துக்கு முதலில் வந்த ஆள் கருத்தையா. வ. புதுப்பட்டிக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. எண்பது மலைமாடு வைத்திருந்தார். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மாடுகள் கீழே வரும். வத்திராயிருப்புப் பக்கம் வயல் வயலாகக் கிடை போடுவார். ராத்திரி மாடு அடைந்த வயலுக்கு வேறு உரம் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் திரும்ப மலைக்கு ஏற்றிவிடுவார். ஏற்றித்தான் ஆக வேண்டும். வயலில் நாற்று ஊன்றிவிட்டால் கீழே எண்பது மாட்டுக்குக் கால் வைக்க இடம் கிடையாது. ஒரு வரப்பைத் தாண்டி வாயை வைத்தால் அடிதடி. அதனால் பாஸ் என்பது அவருக்குக் காகிதம் இல்லை. அது இல்லையென்றால் மாட்டை விற்க வேண்டியதுதான். அந்த மாட்டைக் கறவைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அடிமாடாக மேற்கே ஏற்றிப் போகிற லாரிக்காரன்தான் வாங்குவான்.

"பாஸ் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி" என்றார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு.

"பயிற்சி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன பயிற்சி?"

"மாடு மேய்க்கப் பயிற்சி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பயிற்சி ஆடி மாதம் வத்திராயிருப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. திரை கட்டிப் படம் காட்டினார்கள். பனி படர்ந்த மேட்டில் மொழுமொழுவென்று வெள்ளையும் கறுப்புமாக நின்ற மாடுகளைப் பார்த்துக் கருத்தையா என் காதோரம், "இதுக்குக் குளுராதா தம்பி?" என்று கேட்டார். மூன்றாம் நாள் எழுத்துத் தேர்வு. 'மேய்ச்சல் என்றால் என்ன? பத்து வரிகளில் விடையளி.' அவருக்கு எழுதத் தெரியாது. விதியில் இடமிருந்ததால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"காலையில அவுத்து விடணும். அது போற பக்கம் நாம போகணும். இன்னைக்கு மேஞ்ச எடத்துக்குப் பத்து நாளைக்குப் போகப்படாது. சாயங்காலம் வந்துறணும். அம்புட்டுத்தான்."

"பத்து வரி வேணும்."

"அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதே. மாட்டுக்கே தெரியும்."

இருபத்தைந்துக்கு ஏழு மதிப்பெண். தோல்வி. அதே தேர்வை வைகுண்டராஜும் எழுதினார். இருபத்து நான்கு எடுத்து மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். சிறந்த மேய்ப்பர் சான்றிதழ் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இன்னமும் தொங்கும் என்று நினைக்கிறேன். கருத்தையாவுக்கு 'முயன்றார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். முயன்றவர்களுக்கும் பாஸுக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டு.

அடுத்து மாடுகளுக்கு அடையாள அட்டை. ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர், நிறம், புகைப்படம். ராஜபாளையத்திலிருந்து ஸ்டுடியோ சீனிச்சாமி கேமராவோடு ஒரு திரையும் கொண்டுவந்தார். திரையில் மலையும் அருவியும் அன்னமும் வரைந்திருந்தது. நிஜ மலையை மறைத்து அந்தத் திரையைக் கட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெளிச்சம் சரியில்லையாம். மாடுகள் அன்னத்தைக் கண்டு மிரண்டு ஓடின. ஒன்றே ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. மயிலை என்று ஒரு கிழட்டுப் பசு. மந்தைக்கு முன்னால் நடக்கிற மாடு. அது நின்றால் மற்றதெல்லாம் நிற்கும், அது நடந்தால் நடக்கும். சீனிச்சாமி மயிலையைப் பிடித்த ஒரே படத்தை எண்பது பிரதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். செவலை, காரி, கூளை, கழுத்துமணி என்று எண்பது பெயருக்கும் கீழே மயிலையே நின்றாள். வைகுண்டராஜ் எண்பதையும் தனித்தனியாக உற்றுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாம் ஒரே குடும்பச் சாயல்" என்றார்.

அதற்குள் ஆவணி வந்துவிட்டது. திட்டத்தின் இதயம் என்று வைகுண்டராஜ் சொன்ன மாதிரி நிலங்கள் அப்போதுதான் தயாராயின. வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையை ஒட்டிய புறம்போக்கில் பக்கத்துப் பக்கத்தில் ஐந்தைந்து ஏக்கர். எண் ஒன்றைச் சுற்றி முள்கம்பி. அதற்குள் எந்த மாடும் போகாது. எண் இரண்டு திறந்த நிலம். அதில் கருத்தையா மாடு மேய்ப்பார். மேய்ந்த நிலம் எப்படி இருக்கிறது, மேயாத நிலம் எப்படி இருக்கிறது என்று இயக்குநர் சென்னையிலிருந்து வந்து பார்ப்பார். பார்த்ததும் பாஸில் கையெழுத்துப் போடுவார்.

கருத்தையா தன் வழக்கப்படிதான் மேய்த்தார். பத்து நாளைக்கு ஒரு முறை காலையில் மாட்டை இறக்குவார். உச்சிப்பொழுதுக்குள் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். போகிற போக்கில் அங்கங்கே தலையெடுக்கும் உண்ணிச்செடியை அரிவாளால் தூரோடு கொத்திப் போடுவார். "இத மாடு வாயில வைக்காது தம்பி. இது ஏறிட்டா புல்லு போச்சு" என்பார். எண் இரண்டில் புல் விரல் உயரத்துக்குப் பாய் விரித்தாற்போல இருந்தது. குளம்புத் தடத்தில் மழைத்தண்ணீர் நின்றது. சாணியை வண்டுகள் உருட்டின. கரிச்சான்கள் மாட்டின் முதுகிலேறிச் சவாரி போயின. எண் ஒன்றில் கேட்பாரில்லாமல் உண்ணிச்செடி ஏறியது. அதற்குக் கீழே புல் வெளுத்துச் செத்தது.

வாரம் ஒரு முறை நான் பஸ் பிடித்துக் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வேறு பஸ் மாறி, ஸ்கேலோடு போய் அளந்து எழுதினேன். படிவத்தில் இரண்டே இரண்டு கட்டம். ஒன்று உயரம், மற்றது பசுமை. வண்டுக்கும் பறவைக்கும் கட்டம் இல்லை. எண் ஒன்று மூன்றடி. எண் இரண்டு நான்கு விரல். என்ன செடி என்று யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஓரம் காலியாகத்தான் இருந்தது.

புரட்டாசி மூன்றாம் தேதி இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்தது. வைகுண்டராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் வரும்போது மாடு நிலத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் வருகிறார். வெறும் புல்லையா காட்டுவது?"

"மாடு பத்து நாளைக்கு ஒரு தடவைதான் சார் அங்க வரும்."

"உன் நீட்டிப்பு எப்போது வருகிறது?"

"இந்த மாசக் கடைசி, சார்."

"அப்படியானால் சரி" என்றார். 

நான் புதுப்பட்டிக்குப் போய்க் கருத்தையாவிடம் சொன்னேன். மூன்றாம் தேதி காலையிலிருந்து மாடு எண் இரண்டில் நிற்கட்டும், இயக்குநர் பார்த்ததும் பாஸ் கையில் கிடைத்துவிடும் என்றேன். அவர் சரி என்றார். ஒரு நாள்தானே.

மூன்றாம் தேதி தோரணம் கட்டினோம். நுழைவாயிலில் வாழைமரம். மாட்டுக்கெல்லாம் செவ்வந்தி மாலை. இயக்குநர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்து, கோவிலில் தரிசனத்துக்கே நேரமாகிவிட்டதென்று மதுரைக்குத் திரும்பிவிட்டார். நாளை நிச்சயம் என்றார்கள். மறுநாள் மதுரையில் ஒரு குளிர் அறையில் புல்வெளி பற்றிய கூட்டம். அதற்கு மறுநாள் குற்றாலத்தில் நீர்வளத்தை நேரில் ஆய்வு செய்தார். துண்டோடு ஆய்வு செய்ததாக டிரைவர் சொன்னார். அதற்கு மறுநாள் அருவியில் தலை காட்டியதால் ஜலதோஷம். ஒவ்வொரு சாயங்காலமும் தொலைபேசியில், நாளை நிச்சயம்.

மாடுகள் மாலையை முதல் நாளே தின்றுவிட்டன. இரண்டாம் நாள் வாழைமரம். மூன்றாம் நாள் தோரணம். நான்காம் நாள் புல் முடிந்துபோனது. பொழுது சாய்ந்ததும் கருத்தையா ஓடைக்கரைக்கு ஓட்டிப் போய்க் கிடைத்ததைக் கடிக்க விடுவார். விடிவதற்குள் திரும்ப வந்து நிற்க வேண்டும். இயக்குநர் எத்தனை மணிக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"தம்பி, ஒரே எடத்துல நிறுத்துனா அதுக்குப் பேரு மேய்ச்சல் இல்ல. தொழுவம்" என்றார் கருத்தையா. "செத்த நேரம் அந்தப் பொட்டல் பக்கம் ஓட்டிட்டு வாரேனே."

"அந்த நேரம் பார்த்து வந்துட்டாருன்னா?"

அவர் மலையைப் பார்த்தார். கீழே வயல்களைப் பார்த்தார். புதுப்பட்டிப் பக்கம் நாற்றங்காலில் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. "சரி, நிக்கட்டும்" என்றார்.

அவர் மனைவி வெள்ளத்தாய் அப்படிச் சரி என்கிற ஆள் இல்லை. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏய்யா, நீ மில்லுல விடிய விடிய நின்னவன்னு சொன்னாக. நின்னா கால் எப்பிடி வலிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"மேல சொல்லிருக்காங்கம்மா. நான் என்ன செய்ய?"

"மேலன்னா எம்புட்டு மேல? அந்த மலைய விட மேலயா?"

"ஏட்டி, சும்மா கெட. தம்பி நமக்காகத்தான் அலையுது" என்றார் கருத்தையா.

அன்று சாயங்காலம் வைகுண்டராஜிடம் போய்ச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். புல் தீர்ந்துவிட்டது, மாட்டைக் கிளப்பிவிட்டு இயக்குநர் வருகிற அன்றைக்கு வரச் சொல்லலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பார் தம்பி. மாடு மேய்வது நமக்கு முக்கியம் இல்லை. மேய்வது தெரிய வேண்டும். உலகத்தில் எத்தனையோ மாடு தெரியாமலே மேய்கிறது. அதனால் திட்டத்துக்கு என்ன பயன்?"

"அப்ப வைக்கோலாவது வாங்கிப் போடலாமா சார்?"

"வைக்கோல் போட்டால் அது தீவனம். நம் திட்டம் பரந்த மேய்ச்சல். தீவனத்துக்கு வேறு பிரிவு இருக்கிறது. அவர்கள் எல்லைக்குள் நாம் போகக் கூடாது."

ஒன்பதாம் நாள் காலையில் மயிலை எழுந்திருக்கவில்லை. கருத்தையா வாலைப் பிடித்துத் தூக்கினார். வெள்ளத்தாய் முன்னங்காலைப் பிடித்தாள். நானும் போய் வயிற்றுக்கடியில் கை கொடுத்தேன். விலா எலும்பு என் உள்ளங்கையில் தட்டியது. மத்தியானம் செத்துப்போனது. மற்ற மாடுகள் அதைச் சுற்றி நின்றன. அது நடக்காததால் அவை நகரவில்லை.

விஷயத்தை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வைகுண்டராஜ் ஜீப்பில் வந்து பார்த்தார். இயக்குநர் கண்ணில் படக்கூடாது என்று, 'வருக வருக' என்று எழுதிய துணியை அவிழ்த்து மேலே போர்த்தச் சொன்னார். இறந்த மாட்டின் அடையாள அட்டையை ரத்து செய்யவும் சொன்னார். நான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எந்த அட்டையை எடுத்தாலும் சரியாகவே இருந்தது.

கருத்தையா அன்றைக்கு மாட்டைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார். கோலை எடுத்துவிட்டார். நான்தான் ஓடிப்போய் மறித்தேன்.

"ஒன்பது நாள் நின்னாச்சு. இப்பப் போனா ஒன்பது நாளும் வீணு. பாஸும் போயிரும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னாச் சரிதான்" என்று கோலைக் கீழே வைத்தார். மாடுகளுக்காகச் சொன்னேனா, மாசக் கடைசிக்காகச் சொன்னேனா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு யோசித்திருக்கிறேன்.

இயக்குநர் பதினோராம் நாள் உச்சிவெயிலில் மூன்று கார்களோடு வந்தார். முதலில் எண் ஒன்றின் முன்னால் நின்றார். உண்ணிச்செடி இடுப்பளவு வளர்ந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. பூவுக்கு இரண்டு பட்டாம்பூச்சிகள் வந்திருந்தன.

"பல்லுயிர்!" என்றார் இயக்குநர். கூட வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது பட்டாம்பூச்சியையும் காட்டி, "இதோ, இன்னொன்று!" என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

"இங்கே எத்தனை மாடுகள் மேய்ந்தன?"

"ஒன்றுகூட இல்லை, சார்" என்றார் வைகுண்டராஜ்.

"பிரமாதம்."

பிறகு எண் இரண்டுக்கு வந்தார். புல்லில்லை. தரை உழுத மாதிரி மிதிபட்டு, வெயிலில் காய்ந்து, காற்றுக்குப் புழுதி கிளம்பியது. சாணம் காய்ந்து கிடந்தது. எழுபத்தொன்பது மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. இயக்குநர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அங்கேயே, காரின் நிழலில் நின்று பேசினார்.

"நண்பர்களே, மேய்ச்சலை ஆதரிக்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மேய்ச்சலின் பலன் முழுமையாகக் கிடைக்காமல் தடுப்பது எது என்று இத்தனை காலம் யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. இன்று நான் பார்த்துவிட்டேன். கால்நடைகள்தான். மாடு இல்லாத இடத்தில் மேய்ச்சல் நிலம் எவ்வளவு சிறப்பாக இருக்கிறது! இந்த உண்மையைக் கண்டறிய நான் பதினோரு நாட்களாகப் பயணத்திலேயே இருந்தேன். மனநிறைவோடு திரும்புகிறேன்."

கை தட்டினார்கள். கருத்தையாவும் தட்டினார். பேச்சு முடிந்தால் பாஸ் கிடைக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்.

இயக்குநர் காரில் ஏறப்போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். "இத்தனை மாட்டையும் ஒரே இடத்தில் இத்தனை நாள் நிறுத்தச் சொன்னது யார்?"

வைகுண்டராஜ் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அதில் சாணி ஒட்டியிருந்தது. மாடுகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நாந்தேன் நிறுத்துனேன் சாமி" என்றார் கருத்தையா.

"யாரும் சொல்லவில்லையா?"

"யாரு சொல்லுவா? என் மாடு. நானாத்தான் நிறுத்துனேன்."

"வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போய்விட்டார். பின் சீட்டில் பால்கோவாப் பெட்டிகள் ஏற்கெனவே ஏறியிருந்தன.

நான்தான் எழுதினேன். 'மேற்படி மாடுகளை யாருடைய தூண்டுதலும் இன்றி, எனது சொந்த விருப்பத்தின் பேரில் தொடர்ந்து நிறுத்திவைத்தேன்.' நல்ல கையெழுத்து எனக்கு. ரேகை வைக்க அவர் கட்டைவிரலை நான்தான் மையில் அழுத்தினேன். வெள்ளத்தாய் கொஞ்ச தூரத்தில், துணி போர்த்திய மாட்டின் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

கார்கள் போன பிறகு கருத்தையாவிடம் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"ஒங்க பேரச் சொன்னா ஒங்க வேலைக்கு வில்லங்கமாயிரும். பொறவு எனக்குப் பாஸ் எழுத ஆபீஸ்ல யாரு இருக்கா? அவியளுக்கு என் மூஞ்சிகூடத் தெரியாது."

இதில் தியாகம் ஒன்றும் இல்லை. மாடுகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி நான். வழியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து இரண்டு உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. ஒன்று என் நீட்டிப்பு. மூன்று மாதத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. மற்றது மேய்ச்சல் பாஸ்களின் மாதிரி. வைகுண்டராஜ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே நெகிழ்ந்து போயிருந்தார்.

"எவ்வளவு நேர்த்தி, பார்த்தாயா! இந்த வருஷம் நூற்றிருபது பாஸ் கொடுக்க வேண்டும் என்று இலக்கு. கொடுக்காவிட்டால் திட்டம் தோல்வி. ஆனால் மாடு போகக் கூடாது என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு. இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிட்டார்கள்."

முதல் பாஸை நான் டைப் அடித்தேன். அதில் இரண்டே வரி. 'வ. புதுப்பட்டியைச் சேர்ந்த மேய்ப்பர் கருத்தையா, மேய்ச்சலை ஆதரிக்கும் பொருட்டும் பல்லுயிரை ஊக்குவிக்கும் பொருட்டும், நடப்பாண்டில் மலைக்குச் சென்று தங்கிவர இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார்.' அதற்குக் கீழே, 'கால்நடைகள் நீங்கலாக.'

மறுநாள் அவர் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, சலவை வேட்டி கட்டியிருந்தார். வைகுண்டராஜ் எழுந்து நின்று, கை குலுக்கிப் பாஸைக் கொடுத்தார். சீனிச்சாமி அதைப் படம் பிடித்தார். பிறகு கருத்தையா என் மேஜைக்கு வந்தார். முத்திரை காயாமல் இருந்ததால் தாளை விளிம்பில் பிடித்திருந்தார்.

"என்ன போட்டிருக்குன்னு வாசிங்க தம்பி. ஒங்க வாயால கேக்கணும்."

நான் வாசித்தேன். முதல் வரியை வாசித்தேன். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நீளமான வரி. அத்தனையும் வாசித்த மாதிரியே இருந்தது.

"அம்புட்டுத்தானா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வைகுண்டராஜ் அடுத்த ஆளுக்காகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரம் இருந்தது. ஒரு டீ குடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது.

"அம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் செருகிக்கொண்டார். "புதுப்பட்டியில நேத்தே நடவு ஆரம்பிச்சிட்டாக. வயக்காரவுக வையாத வசவு இல்ல. நாளைக்கு விடியக்காலம் ஏத்திருவேன். நீங்க இல்லேன்னா எங்க பாடு என்னாயிருக்கும்" என்றார். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மலைப்பாதையில் செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு இரண்டாவது வரியும் வாசிக்கத் தெரியும். அதற்குள் கீழே எல்லா வயலும் நட்டு முடிந்திருக்கும்.

அவர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். கடை வாசலில் வெள்ளத்தாய் நின்றிருந்தாள்.

"ஏட்டி, கெடச்சிருச்சு. தம்பியே வாசிச்சுக் காட்டுச்சு" என்று கருத்தையா மடியைத் தட்டிக் காட்டினார்.

அவள் அந்தத் தாளைக் கேட்கவில்லை. நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் உள்ளே நகர்ந்துகொண்டேன்.